மட்டக்களப்பிலிருந்து பழைய ரேஸ் கார் பார்க்கப் போகிறவர்களுக்கு: வெள்ளிப் பின்னேரம் முதல் ஞாயிறு இரவு வரை

மலைநாட்டுக்குக் கார் ஓட்டம் பார்க்க முதல் முறை போகிறவர்கள் அநேகமாக ஒரே பிழையைத்தான் விடுகிறார்கள். வாகனத்தால் இறங்கியதும் நேரே பாதை ஓரத்துக்கு ஓடி இடம் பிடிப்பார்கள். பின்னேரம் வரை புழுதியையும் தூரத்தில் பறக்கும் நிறங்களையும் பார்ப்பார்கள். திரும்பி வரும்போது, "என்ன கார் அது?" என்று கேட்டால் "சிவப்புக் கார்" என்பார்கள்.

பழைய காரை ஓடும்போது மட்டும் பார்த்து விளங்கிக்கொள்ள முடியாது. நிற்கும்போது பார்க்க வேண்டும், ஸ்டார்ட் பண்ணும்போது கேட்க வேண்டும், அப்புறம்தான் ஓடும்போது பார்க்க வேண்டும். இந்த ஒழுங்கு தலைகீழாகிவிட்டால் இவ்வளவு தூரம் போனது வீண். சில வருடங்களாகக் கல்லடி, களுவாஞ்சிக்குடிப் பொடியன்களைக் கூட்டிக்கொண்டு போய் வருகிறேன். அவர்கள் எங்கே தடுக்கினார்கள், நான் எங்கே தடுக்கினேன் என்பதை வைத்துத்தான் கீழே எழுதுகிறேன்.

1. முதலில் பிரிவுப் பட்டியலைப் பாருங்கள்

எங்கள் நாட்டில் பழைய கார்களுக்கென்றே தனியாக ஒரு வார இறுதி என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். பெரிய ஓட்டங்களுக்குள் பழைய கார்களும் ஓடும். நுவரெலியா மகாகஸ்தொட்டை மலையேற்றம், தியத்தலாவை பொக்ஸ்ஹில், களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்த என்று இடத்துக்கு இடம் ஓட்டத்தின் தன்மையே வேறு. மகாகஸ்தொட்டையில் தார் றோட்டில் கார்கள் ஒவ்வொன்றாக நேரத்தோடு போட்டி போட்டு ஏறும். பொக்ஸ்ஹில்லில் புழுதி கிளப்பிக்கொண்டு பல கார்கள் ஒன்றாக ஓடும். கட்டுக்குருந்த பழைய விமான ஓடுபாதை.

ஆகவே திகதியைப் பார்த்தவுடனே லீவு போடாதீர்கள். அறிவித்தலில் பிரிவுப் பட்டியல் வரும்வரை பொறுங்கள். அதில் மினி போன்ற பழைய கார்களுக்கு ஓட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு முறை இதைப் பார்க்காமல் ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு போய், முழு நாளும் மோட்டார் சைக்கிள் பார்த்துவிட்டு வந்தோம். அந்த ஏழு பேரில் இரண்டு பேர் இன்னும் என்னோடு சரியாகக் கதைப்பதில்லை.

சொல்லையும் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பழசு எல்லாமே விண்டேஜ் இல்லை. இங்கிலாந்துக் கணக்கில் 1930 முடிவதற்குள் செய்த கார்தான் விண்டேஜ். 1959இல் வந்த மினியும், எங்கள் ஊரில் இன்னும் ஓடுகிற மொறிஸ் மைனரும் கிளாசிக். சொந்தக்காரரிடம் போய் மினியை விண்டேஜ் என்று சொன்னால் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார், ஆனால் கதை அதோடு முடிந்துவிடும்.

2. ரிக்கெற்றுக்கு முன் அறை

மலைநாட்டு ஓட்டங்கள் பெரும்பாலும் ஏப்ரல் வசந்தகாலத்தை ஒட்டித்தான் வரும். சித்திரைப் புத்தாண்டு லீவுக்காரர் எல்லோரும் அதே நேரத்தில் நுவரெலியாவில் நிற்பார்கள். ரிக்கெற் கடைசியிலும் கிடைக்கலாம், அறை கிடைக்காது. கிடைத்தாலும் விலை கேட்டால் தலை சுற்றும்.

வெலிமடையிலோ பண்டாரவளையிலோ தங்குங்கள். காலையில் கொஞ்சத் தூரம் ஓட வேண்டும், ஆனால் காசு மிஞ்சும். இன்னொரு நன்மையும் உண்டு: அந்த இரண்டு ஊர்களில் இருந்தும் தியத்தலாவைக்கும் போகலாம், நுவரெலியாவுக்கும் போகலாம்.

அறைக்கு முற்பணம் கட்டினால் துண்டு வாங்குங்கள். ஒரு விடுதியில் தொலைபேசியில் பேசி வைத்த அறையை, நாங்கள் போய்ச் சேருமுன் கூடக் காசு கொடுத்த ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அன்று இரவு வானுக்குள் நான்கு பேர் படுத்தோம். நுவரெலியாக் குளிரில் வான் என்பது பெரிய ஐஸ் பெட்டி.

3. வெள்ளிக்கிழமையே புறப்படுங்கள்

செங்கலடிச் சந்தியில் தொடங்கும் ஏ5 வீதி கரடியனாறு, புல்லுமலை, மகா ஓயா, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை, வெலிமடை என்று ஏறி நேரே நுவரெலியாவுக்கே போகிறது. அம்பாறைப் பக்கத்தார் மகா ஓயாவில் வந்து இந்த வீதியைப் பிடிக்கலாம், இல்லையென்றால் சியம்பலாண்டுவை, மொனராகலை வழியாகப் பசறையில் வந்து ஏறலாம்.

"விடிய 2 மணிக்கு வெளிக்கிட்டால் காலையில் போய்ச் சேரலாம்" என்று ஒவ்வொரு முறையும் யாராவது ஒரு தம்பி கணக்குச் சொல்வார். சேரலாம்தான். ஆனால் புல்லுமலைக்கும் மகா ஓயாவுக்கும் இடையில் அந்த நேரம் யானை றோட்டில் நிற்கும். அதைத் தாண்டினாலும், நித்திரை கொள்ளாத சாரதி பசறை வளைவுகளில் ஏறுவார். வெள்ளி பகல் சாப்பாட்டோடு புறப்பட்டு, பொழுது சாய்வதற்குள் மகா ஓயாவைக் கடந்துவிடுங்கள்.

பழைய கார் வைத்திருக்கிறவர்கள் அதிலேயே போக ஆசைப்படுவார்கள். போங்கள், ஆனால் இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு போங்கள்.

ஒன்று, தண்ணீர். கடற்கரையில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர், 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். மூடி இறுக்கமாக இல்லாத பழைய ரேடியேற்றர் ஏற்றத்தில் சீறுவது அதனால்தான். புது மூடி போடுங்கள், 5 லீற்றர் தண்ணீர்க் கான் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். சீறினால் ஓரமாக நிறுத்தி அரை மணித்தியாலமாவது பொறுங்கள். சூட்டோடு மூடியைத் திறந்தால் கையும் முகமும் வெந்துவிடும்.

மற்றது, காற்று. அந்த உயரத்தில் காற்று ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு ஐதாகிவிடும். காற்று குறைகிற அளவுக்குப் பெற்றோல் குறையாது. அதனால் காபரேற்றர் (பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடும் பகுதி) பூட்டிய கார் இழுவை குறைந்து கறுப்புப் புகை விடும். பழுது என்று நினைத்து வழியில் யாரிடமாவது கொடுத்து காபரேற்றர் ஸ்க்ரூவைத் திருகாதீர்கள். இறங்கினால் தானாகச் சரியாகிவிடும். ஓட்டத்துக்கு வருகிறவர்கள் இதற்காகவே, காபரேற்றருக்குள் பெற்றோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட், ஊசி இரண்டையும் மலைக்கென்று வேறாகக் கொண்டு வருவார்கள்.

4. பை

காதடைப்பான் கட்டாயம். 85 டெசிபல் சத்தத்தை 8 மணித்தியாலம் கேட்கலாம் என்றால், 100 டெசிபலுக்கு 15 நிமிடந்தான் என்பது காது பாதுகாப்புக் கணக்கு. சைலன்சர் இல்லாத ரேஸ் கார் பக்கத்தில் நின்றால் அந்தக் கால் மணித்தியாலம் காலையிலேயே முடிந்துவிடும். பஞ்சு அடைப்பது போதாது. பாமசியில் விற்கும் நுரைக் காதடைப்பானை உருட்டி, காதின் மேல்நுனியை இழுத்துப் பிடித்து உள்ளே விட்டால்தான் அது வேலை செய்யும்.

மூடிய சப்பாத்து, சுவெட்டர், மழைக்கோட்டு, தொப்பி, அடையாள அட்டை. தியத்தலாவை ஆமி இடம், வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். டிரோன் கொண்டு போகாதீர்கள், அனுமதி எடுக்காமல் பறக்கவிட்டால் சிக்கல். குடையும் வேண்டாம், பின்னால் நிற்கிறவருக்கு நீங்கள் சுவராகிவிடுவீர்கள்.

சின்னக் கொப்பி ஒன்றும் பென்சிலும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

5. காலை 7 மணி: முதலில் கார்கள் நிற்கும் இடம்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் ஞாபகம் வைத்திருப்பீர்கள் என்றால், இதை வைத்திருங்கள்.

கார்களை இறக்கித் தயார் பண்ணும் இடத்தைத்தான் படொக் என்பார்கள். உள்ளே விடுவார்களா என்று வாசலில் கேளுங்கள். உள்ளே விடாவிட்டாலும் வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம். காலையில் போகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த நேரத்தில் பொனற் திறந்திருக்கும், எஞ்சின் குளிர்ந்திருக்கும், சொந்தக்காரருக்குக் கதைக்க மனமிருக்கும். முதல் ஓட்டம் முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பிரச்சினை வந்துவிடும், பிறகு யாரும் உங்களைக் கணக்கெடுக்க மாட்டார்கள்.

நான் கற்றுக்கொண்டது ஒரு வயதான ஐயாவிடம். பச்சை நிற மினி. பொனற்றைத் திறந்து, காபரேற்றர் தலையில் உள்ள சின்னக் கறுப்பு மூடியைக் கையாலேயே திருகி எடுத்தார். அதோடு மெல்லிய கம்பி ஒன்றும் வந்தது. கண்ணுக்கு மருந்து விடும் குப்பி போல ஒரு குப்பியிலிருந்து நாலைந்து துளி எண்ணெய் விட்டார். கம்பியைத் திரும்ப இறக்கினார், பாதி வழியில் அது தயங்கி, மெல்ல இறங்கியது. "இந்தத் தயக்கம் இருக்கவேணும் மகன்" என்றார்.

அந்த மினியில் இருந்தது எஸ்.யூ. என்ற வகைக் காபரேற்றர். அதற்குள் ஒரு பிஸ்டன் மேலே ஏறித்தான் காற்றை விடும். மிதிக்கும்போது அது சட்டென்று ஏறிவிட்டால் காற்று கூடி எஞ்சின் திணறும். அந்தத் துளி எண்ணெய் பிஸ்டனைக் கொஞ்சம் பிடித்து வைக்கிறது. பிறகு மலையில் அந்த மினி வளைவிலிருந்து திணறாமல் எழும்பியபோது எனக்கு அந்தக் கறுப்பு மூடிதான் ஞாபகம் வந்தது. அதைக் காலையில் பார்த்திருக்காவிட்டால், எனக்கும் அது ஒரு பச்சைக் கார்தான்.

கதைக்கும் முறையும் சொல்ல வேண்டும். காரைத் தொடாதீர்கள், சாயாதீர்கள், பொனற்றின் மேல் கொப்பியை வைக்காதீர்கள். "கிட்ட வந்து பார்க்கலாமா, ஐயா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொன்னவரை நான் காணவில்லை. "எவ்வளவு ஸ்பீட் போகும்?" "என்ன விலை?" இந்த இரண்டையும் கேட்காதீர்கள், காலையிலிருந்து முப்பது பேர் கேட்டிருப்பார்கள். "பிரேக் முன்னுக்கு டிரம்மா டிஸ்க்கா?" என்று கேளுங்கள். "மலைக்கு என்ன ஜெட் போட்டீர்கள்?" என்று கேளுங்கள். மொழி சரிவராவிட்டாலும் விரலால் காட்டிக் கேட்கலாம், அந்த இடத்தில் சிங்களமும் தமிழும் பாதிக்குப் பாதி கைச் சைகைதான். ஆனால் ஹெல்மெற் போட்டவரிடமும், பிளக் கழற்றிக்கொண்டிருக்கிறவரிடமும் போகாதீர்கள்.

இப்போது கொப்பி. பார்த்த ஒவ்வொரு காருக்கும் இலக்கம், நிறம், ஒரு விஷயம். "17, பச்சை மினி, எண்ணெய்த் துளி." அறிவிப்புகள் சிங்களத்திலும் இங்கிலிஷிலும் வேகமாகப் போகும். இலக்கம் கையில் இருந்தால் மொழி தேவையில்லை.

6. அதற்குப் பிறகுதான் நிற்கும் இடம்

2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை பொக்ஸ்ஹில் ஓட்டத்தில் ஒரு கார் பாதையை விட்டு விலகி ஆட்களுக்குள் பாய்ந்தது. ஏழு பேர் இறந்தார்கள், இருபதுக்கு மேற்பட்டோர் காயப்பட்டார்கள். இறந்தவர்களில் ஒரு சின்னப் பிள்ளையும் உண்டு. இடம் பிடிக்கும்போது இது உங்கள் மனதில் இருக்க வேண்டும்.

கட்டுப்பாட்டை இழந்த கார் வளைவோடு திரும்பாது, போன திசையிலேயே நேரே போகும். ஆகவே வளைவின் வெளிப்பக்கம் நிற்கவே கூடாது. நேர்ப்பாதை முடியும் இடத்துக்கு எதிரேயும் கூடாது. பாதையைவிடத் தாழ்ந்த நிலமும் கூடாது, கார் இறங்கி வரும். பாதையைவிட ஆளுயரம் மேலே இருக்கும் மண்மேடு, அதற்கு முன்னால் தடுப்பு, பின்னால் ஓட இடம். மூன்றும் உள்ள இடத்தைத் தேடுங்கள். மூன்றில் ஒன்று இல்லையென்றால் தள்ளி நின்று பாருங்கள், கார் சின்னதாகத் தெரிந்தால் தெரியட்டும்.

கயிறு கட்டியிருப்பது தடுப்பு இல்லை. முன்னால் ஐம்பது பேர் நிற்கிறார்கள் என்பதும் பாதுகாப்பு இல்லை. பாதைக்கு முதுகு காட்டிக்கொண்டு செல்ஃபி எடுப்பதை என்னோடு வருகிறவர்களுக்கு நான் விடுவதே இல்லை. பிள்ளைகளைத் தோளில் தூக்காதீர்கள், ஓட முடியாது. மஞ்சள் கொடி ஆடினால் பாதையில் எங்கோ ஆபத்து என்று அர்த்தம். கமராவை இறக்கிவிட்டுப் பாதையைப் பாருங்கள்.

7. என்ன பார்ப்பது

மலையேற்றத்தில் ஒரு கார் உங்களுக்கு முன்னால் இருப்பது சில செக்கன்தான். முதல் சுற்றில் போட்டோ எடுக்காதீர்கள். வெறும் கண்ணால் பாருங்கள். எடுப்பதை அடுத்த சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள், எந்தக் கார் எந்த இடத்தில் எப்படித் திரும்பும் என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

மினி வளைவில் உள்பக்கப் பின்சில்லைத் தூக்கும். பார்க்கப் பயமாக இருக்கும், பிழை இல்லை. இழுப்பது முன்சில்லுகள், பின்னது சும்மா வருகிறது. பின்சில்லால் ஓடும் பழைய போர்ட் எஸ்கோட் கார் வாலை வெளியே போட்டுத்தான் திரும்பும், சாரதியின் கை எதிர்ப்பக்கம் திருகும். டிரம் பிரேக் கார் வளைவுக்கு வெகுமுன்னாலேயே பிரேக் பிடிக்கத் தொடங்கும். சூடானால் டிரம் பிடிக்காது என்று சாரதிக்குத் தெரியும்.

காதையும் பயன்படுத்துங்கள். கியர் குறைக்கும் நேரத்தில் நடுவில் ஒரு உறுமல் கேட்டால், அவர் கியரை வெளியே எடுத்து எஞ்சினைக் கொஞ்சம் ஏற்றி, திரும்பப் போடுகிறார். எங்கள் பழைய லொறிக்காரர் செய்வதும் இதுதான்.

8. பகல்

உள்ளே சாப்பாடு விலை, வரிசையும் நீளம். பார்சலும் பிளாஸ்க்கில் தேத்தண்ணியும் கொண்டு போங்கள். ஏப்ரலில் மலைநாட்டில் பின்னேரம் இடிமழை வழமை. அதனால் முக்கியமாகப் பார்க்க வேண்டியதைப் பகல் ஒரு மணிக்கு முன்னால் பார்த்து முடியுங்கள்.

9. திரும்பும்போது

ஓட்டம் பார்த்துவிட்டு இறங்கும் சாரதிக்குக் கால் கனக்கும், ரேஸ்காரர் மாதிரி இறங்கப் பார்ப்பார். பதுளையிலிருந்து இறங்கும்போது இரண்டாம் கியரில் விடுங்கள். பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் டிரம் சூடேறிக் கருகல் மணம் வரும். மணம் வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள், சூட்டோடு தண்ணீர் ஊற்றாதீர்கள், இரும்பு வெடிக்கும். பிபிலையில் இருட்டிவிட்டால் அங்கேயே ஒரு அறை எடுத்துவிடுங்கள். திங்கள் வேலைக்கு அரை நாள் லீவு, யானையோடு முட்டுவதைவிடச் சுகம்.

10. லண்டனில் சொந்தக்காரர் இருப்பவர்களுக்கு

கல்லடியில் ஒரு தெருவுக்கு இரண்டு வீட்டிலாவது லண்டனில் ஒரு ஆள் உண்டு. அவர்களிடம் போகிறவர்கள் பயணத்தைச் செப்டெம்பருக்கு வைத்துக்கொண்டால், சிச்செஸ்ரர் நகருக்குப் பக்கத்தில் குட்வுட் ரிவைவல் பார்க்கலாம். 1948 முதல் 1966 வரை ஓட்டம் நடந்த அதே பாதையில், அந்தக் காலத்துக் கார்களையும் அதற்கு முந்தியவற்றையும் மட்டும் வைத்து வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் நடத்துகிறார்கள். 1998இல் தொடங்கியது. பாதை ஏறத்தாழ 3.8 கிலோமீற்றர்.

ஒழுங்கு இங்கேயும் முக்கியம். முதலில் விசா, பிறகுதான் ரிக்கெற். விசா கையில் வருமுன் சொந்தக்காரரைக் கொண்டு ரிக்கெற் எடுப்பித்து, காசும் போய் உறவும் கசந்த கதை எனக்குத் தெரியும். ஆனால் விசா வந்த அன்றே எடுத்துவிட வேண்டும், ரிக்கெற் முன்கூட்டித்தான் விற்கிறார்கள், வாசலில் போய் வாங்க முடியாது. லண்டன் விக்ரோறியாவிலிருந்து சிச்செஸ்ரருக்கு ரயில் இருக்கிறது, ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும்.

மூன்றில் ஒரு நாள்தான் போக முடியும் என்றால் நான் வெள்ளியைச் சொல்வேன். பெரும்பாலும் பயிற்சியும் தகுதிச் சுற்றும்தான் நடக்கும், ஆனால் கார்களுக்குப் பக்கத்தில் நிற்க அன்றுதான் இடம் இருக்கும். ஓட்டம்தான் வேண்டும் என்கிறவர்கள் ஞாயிறு போகலாம். சின்னப் பிள்ளைகளோடு போனால் செற்றிங்டன் கப்பைத் தவற விடாதீர்கள். பிள்ளைகள் ஓடிப்போய் ஏறி, ஒஸ்ரின் ஜே40 மிதி கார்களை மிதித்துப் போட்டி போடுவார்கள். 1949 முதல் 1971 வரை வேல்ஸில், சுரங்கத்தில் நுரையீரல் கெட்ட தொழிலாளர்களுக்கு வேலை கொடுக்கவென்று அமைத்த தொழிற்சாலையில் செய்த கார்கள் அவை.

உடுப்பு ஒரு பெரிய விஷயம். வருகிறவர்களில் பெரும்பாலோர் 1966க்கு முந்திய மோஸ்தரில் உடுத்தி வருவார்கள், படொக்குக்குள் போக ஆண்களுக்குக் கோட்டும் ரையும் எதிர்பார்க்கப்படும். இதற்கென்று அங்கே போய்க் காசைக் கொட்டாதீர்கள். அப்பாவின் கலியாணக் கோட்டு அலுமாரியில் தொங்கிக்கொண்டிருந்தால் அதைத் தட்டி எடுத்துப் போங்கள். பெண்களுக்கு அதைவிடச் சுலபம், அம்மம்மாவின் சேலை 1950களினதேதான், யாரும் பிழை சொல்ல முடியாது. சேலைக்குக் கீழே மட்டும் செருப்பு வேண்டாம், செப்டெம்பர் காலையில் அந்தப் புல் முழுக்க ஈரம்.